வெள்ளிக்கிழமை வாங்கிய மாட்டுக்கறி

குசினியில் சமையல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகள் என்னைத் தேடி வரும்போதெல்லாம் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணே, கடையில பாத்ததுமே நல்ல மாட்டுக்கறின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" வயதுக்கு நான் உங்களுக்கெல்லாம் பெரியப்பா முறை. அண்ணே என்று கூப்பிடும்போதே ஏதோ காரியம் இருக்கிறது என்று புரிந்துவிடும். கேட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள், மந்திரம் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று.

மந்திரம் இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சமையல்காரனுக்கு நாக்குதான் எல்லாம் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். கறி வாங்கும் இடத்தில் அந்த நாக்கு ஒரு காசுக்குப் பிரயோஜனமில்லை. எந்தக் கடைக்காரன் பச்சைக் கறியைக் கடித்துப் பார்க்கக் கொடுக்கிறான்? அது எனக்கு எப்படி மண்டையில் ஏறியது என்பதைச் சொன்னால், நீங்கள் கேட்ட கேள்விக்கும் பதில் அதிலேயே வந்துவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நடந்தது. நான் பிறந்தது மலாய் நாட்டில், கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் பால் வடிக்கப் பால்மரம் வெட்டினார்கள். நானும் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, அட்டைக் கடியோடு மரம் வெட்டியவன்தான். துரை பங்களாவில் பாத்திரம் கழுவ ஆள் வேண்டும் என்றபோது உள்ளே புகுந்தேன். மெல்ல மெல்ல அடுப்புப் பக்கம் நகர்ந்து, கடைசியில் சமையல்காரனாகி, குக்கி என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயரோடு பங்களாவுக்குப் பின்னால் ஒரு தனி வீடும் கிடைத்தது. ஒரே அறைதான். ஆனால் சிமெண்டுத் தரை, ஒழுகாத கூரை. கல்யாணமாகி வந்த அன்று என் மனைவி லூர்தம்மா அந்தத் தரையை வெறுங்காலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துச் சிரித்தாள். லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில், மண் தரையில் வளர்ந்தவளுக்கு அது அரண்மனை. குசினி வேலை போனால் வீடும் போகும், மறுபடி லயத்துக்கும் பெரட்டுக்கும்தான் போக வேண்டும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

முதன்முதலாக நான் தனியாக ஈப்போவுக்குக் கறி வாங்கப் போன கதையைச் சொல்கிறேன். கோப்பெங் சந்தையில் கறி வாங்கிப் பழகியவன் நான். அங்கே விடியற்காலையில் அறுப்பார்கள். கை வைத்தால் வெதுவெதுவென்று இருக்க வேண்டும், செக்கச்செவேலென்று ஈரமாக மின்ன வேண்டும். நம் ஆட்களுக்கு நல்ல கறி என்றால் அதுதான். சூடு ஆறிவிட்டால் விலையைக் குறைத்துக் கேட்போம்.

ஈப்போ கடை வேறு மாதிரி. வெள்ளைக்காரர்களுக்குச் சாமான் விற்கும் பெரிய மளிகைக் கடை. முன்பக்கம் பிஸ்கட் டின், ஜாம், வெண்ணெய். பின்பக்கம் ஐஸ் அறை. அதற்கு முன்னால் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் கறி வெட்டுகிற ஒருவர். நம் ஆள்தான், நாகப்பட்டினத்துக்காரர். பெயரை எழுதினால் அவர் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள், அதனால் விட்டுவிடுகிறேன்.

"அண்ணே, இன்னைக்கு அறுத்ததா?" என்று கேட்டேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னைக்கா? இது கப்பல்ல வந்த மாடு லா தம்பி. உன்னவிட நெறைய ஊர் சுத்தியிருக்கு."

இருக்கிறதிலேயே சிவப்பாக, ஈரம் சொட்டுவதாக ஒரு துண்டைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். "அது வேணாம். ஐஸ் சரியா விடாம தண்ணி விட்டுப்போன துண்டு. இந்தக் கருத்தத எடு." மேல்பக்கம் காய்ந்து கருஞ்சிவப்பாக இருந்த ஒன்றை முன்னால் தள்ளினார்.

என் மனசில் என்ன ஓடியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பழசை என் தலையில் கட்டப் பார்க்கிறார். நான் என்ன நேற்றுப் பிறந்தவனா? சிவப்புத் துண்டையே வாங்கிக்கொண்டு வீராப்பாக வந்தேன். வந்தவன் சும்மா இருந்தேனா? மஞ்சள் போட்டு, தண்ணீர் மாற்றி மாற்றி, வீட்டில் ஆட்டுக்கறியைக் கழுவுவது போல வெளுக்க வெளுக்கக் கழுவினேன். இருந்த கொஞ்சநஞ்ச ருசியும் வாய்க்காலோடு போனது.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் பேச்சே இல்லை. எல்லாருடைய வாயும் மென்றுகொண்டிருந்தது. துரையின் மனைவி, துரைசாணி, குசினி வாசலுக்கு வந்து நின்றாள்.

"குக்கி, இது என்ன?"

"மாடு, மேம்."

"அது தெரிகிறது. செருப்பாகாமல் எப்படித் தப்பித்தது?"

அடுத்த வாரம் கடைக்குப் போனேன். கறி வெட்டுகிறவர் என் மூஞ்சியைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டார். பிறகு சொன்னார்: "நாம கொழம்புக்குக் கறி வாங்குறோம், அடுப்புல ரொம்ப நேரம் கெடந்து வெந்துரும். வெள்ளக்காரன் நெருப்புல காட்டிட்டு எடுத்துருவான். அவனுக்குத் தொங்கப்போட்டு ஆற வச்ச கறிதான் சரி." அதற்குப் பிறகு நான் கருத்த துண்டைத் தவிர வேறு எதையும் திரும்பிப் பார்த்ததில்லை. துரைசாணியும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பாதி தெரிந்தவனுக்கு இருக்கிற தைரியம் இருக்கிறதே, அது முழுக்கத் தெரிந்தவனுக்குக்கூட இருக்காது.

இப்போது குவான் வருகிறான்.

குவான் ஹைனான் சீனன். ஈப்போவில் வெள்ளைக்காரர்களின் கிளப் ஒன்றில் சமையல். ஒல்லியான ஆள், எப்போதும் சலவைச் சட்டை. கிளப்பில் அவன் செய்த ரோஸ்டைச் சாப்பிட்டுவிட்டு வந்த துரைசாணி, அந்த ருசியைப் பற்றி ஒரு வாரம் பேசினாள். அதற்கடுத்த வாரம் குவானே பெட்டியோடு வந்து இறங்கிவிட்டான். சும்மா ஒத்தாசைக்கு என்று துரை சொன்னார். ஒத்தாசைக்கு வந்தவன் சாமி படத்தையும் எடுத்துக்கொண்டா வருவான்? வந்த மறுநாளே என் வீட்டு வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தான். லூர்தம்மா அப்போது நிறைமாதம். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என்னா பாக்குற?" என்று கேட்டாள். சாமி வைக்க எந்தச் சுவர் தோதாக இருக்கும் என்று பார்ப்பதாக அவன் மலாயில் சொன்னான். ஒளிவுமறைவு இல்லாத மனுஷன், அதையும் சொல்ல வேண்டும்.

அன்றிலிருந்து லூர்தம்மா சிமெண்டுத் தரையை ஒரு நாளைக்கு இரண்டு தடவை துடைக்க ஆரம்பித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் தந்தி வந்தது. கம்பெனியின் பெரிய துரை வருகிறார். வருஷத்துக்கு ஒருமுறை வந்து மரம், பால் கொட்டகை, ரப்பர் உலர்த்தும் புகைக்கூண்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பங்களாவில் சாப்பிட்டுவிட்டுப் போவார். அவர் முகம் கோணினால் நம் துரைக்கே தூக்கம் வராது. துரைசாணி எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"நாளை சாயந்திரம் மாட்டு ரோஸ்ட். மறுநாளைக்கு ஆறவைத்து வெட்ட இன்னொரு துண்டு. ஆளுக்கு ஒன்று தேர்ந்தெடுங்கள். எதை மேசைக்கு வைப்பது என்று நீங்களே பேசி முடிவு பண்ணுங்கள். யாருடையது என்று சாப்பாடு முடிந்ததும் எனக்குச் சொல்ல வேண்டும். ஒருவர் இங்கே இருப்பார். மற்றவர் சனிக்கிழமை கிளம்பலாம்."

மறுநாள் காலையில் டிரைவர் முனுசாமி அண்ணன் வண்டியில் நானும் குவானும் ஈப்போ போனோம். கடையில் ஐஸ் அறைக் கதவைத் திறந்து, முதுகுப் பக்கத்துத் துண்டுகளை மேசையில் வரிசையாக வைத்தார்கள். நான் ஒரே பார்வையில் என்னுடையதைப் பிடித்துவிட்டேன். கருஞ்சிவப்பு. மேலே விரல் கனத்துக்குக் கொழுப்பு, வெண்ணெய் நிறத்தில். அழகென்றால் அப்படி ஒரு அழகு. படம் பிடித்து மாட்டலாம்.

குவான் அவசரப்படவில்லை. ஒவ்வொரு துண்டாகத் திருப்பி முதலில் எலும்பைப் பார்த்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. எலும்பு என்றால் நமக்கு நல்லி, உறிஞ்சிச் சாப்பிடுவது. வெள்ளைக்காரன் எலும்பையா உறிஞ்சப் போகிறான்? பிறகு எலும்பை ஒட்டின இடத்தில் மூக்கை வைத்தான். பிறகு கட்டைவிரலால் அழுத்திவிட்டு, பள்ளம் மேலெழுந்து வருகிறதா என்று காத்திருந்தான். கடைசியில் அவன் எடுத்தது மேலே கொழுப்புக் குறைவான ஒரு சுமாரான துண்டு. என்னுடையதுக்குப் பக்கத்தில் வைத்தால் ஏழை வீட்டுப் பிள்ளை.

"இதுவா?" என்றேன்.

"இதுதான்," என்றான் குவான். நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம், உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். "உன் துண்டு சட்டை நல்லா போட்டிருக்கு. உள்ள பாரு. நூல் நூலா தடிச்சிருக்கு. எலும்பு வெளுத்துக் கெடக்கு. கெழ மாடு."

"கெழ மாடா? கொழுப்பப் பாரு."

"கெழவனுக்குத் தொப்பை இருக்காதா?"

கறி வெட்டுகிறவரைப் பார்த்தேன். அவர் என் முகத்தையும் பார்த்தார், குவான் முகத்தையும் பார்த்தார். "ரெண்டும் நல்ல கறிதான்," என்றார். முந்தி எனக்குப் புத்தி சொன்னவர்தான். ஆனால் இரண்டு வாடிக்கைக்காரர்கள் நடுவில் மாட்டிக்கொண்டால் எந்தக் கடைக்காரரும் அதைத்தான் சொல்வார். விற்கிறவரிடம் தீர்ப்புக் கேட்காதீர்கள்.

ஐஸ் பெட்டியை எங்கள் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு திரும்பினோம். குனோங் ராபாட் சுண்ணாம்பு மலை தாண்டும்வரை சண்டை. என் துண்டா, அவன் துண்டா? முனுசாமி அண்ணன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வண்டியை ஓரம் கட்டினார்.

"ஏன்டா உயிர வாங்குறீங்க? ரெண்டுலயும் கொஞ்சம் வெட்டி வதக்கி, ஆளுக்கொரு கடி கடிச்சுப் பாத்தா தெரிஞ்சிட்டுப் போவுது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அதுவும் நோன்பிருக்கும் தபசுக்காலம். என்னைப் போன்ற வேதக்காரனுக்கு, கிறிஸ்தவனுக்கு, அன்று சுத்தபோசனம், கறியை நாக்கில் வைக்கக் கூடாது. "இன்னைக்கு என்னால முடியாதுண்ணே," என்றேன்.

குவானைப் பார்த்தோம். அவன் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தான். "எங்க வீட்டுல கும்புடுறது குவான் யின்ங்கிற பெண் சாமி, அதுக்கு மாடு ஆகாது. மாடு சாப்பிட மாட்டோம்."

"இன்னைக்கா?"

"என்னைக்குமே."

ஈப்போவே புகழ்கிற மாட்டு ரோஸ்டைச் செய்கிறவன், வாழ்நாளில் ஒரு துண்டு மாட்டுக்கறி தின்றதில்லை. "அப்புறம் எப்படிக் கறி பாத்து எடுக்குற?" என்று கேட்டேன்.

"திங்க முடியாது. அதனாலதான் எலும்பப் பாக்கிறேன்."

சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் அது இன்றுவரை காதில் இருக்கிறது. நான் வாரா வாரம் சாப்பிட்டுப் பார்த்து, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவன். அவனுக்கு அடுத்த முறை என்பதே இல்லை. கடையிலேயே முடிவு பண்ணியாக வேண்டும்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முனுசாமி அண்ணன் பக்கம் திரும்பினோம்.

"என்னைப் பாக்காதீங்க. மாரியாத்தா கண்ணக் குத்திருவா," என்று அவர் வண்டியைக் கிளப்பினார். தோட்டக்காரர் பாக் டின் இருக்கிறார், ஆனால் அவர் ஹலால் இல்லாத கறியைத் தொட மாட்டார். துரையிடம் போய், எது நல்லது என்று கடித்துச் சொல்லுங்கள் என்று கேட்க முடியுமா? கேட்ட நிமிஷமே இரண்டு பேரையும் அனுப்பிவிடுவார். மிச்சம் இருப்பது துரையின் நாய். அது துரையின் காலணியையே ரசித்துச் சாப்பிடும், அதன் சாட்சி செல்லாது. இத்தனை பேர் உள்ள ஒரு பங்களாவில், மாட்டுக்கறியை ருசி பார்க்க ஒரு ஆள் இல்லை.

பங்களாவுக்குள் வண்டி நுழைந்தபோது லூர்தம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முனுசாமி அண்ணன் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏன் ஞானம், பிள்ளத்தாச்சிக்கும் ஒங்க சாமி பத்தியம் வச்சிருக்கா?"

இல்லை. தோட்டத்து வேதக்கோயிலுக்குப் பூசை வைக்க வந்த சாமியார் போன ஞாயிற்றுக்கிழமைதான் பிரசங்கத்தில் சொல்லிவிட்டுப் போனார்: பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ஒருவேளை மட்டும் உண்ணும் ஒருசந்தியும் கிடையாது, சுத்தபோசனமும் கிடையாது, கிடைத்ததைச் சாப்பிடுங்கள். அந்த வெள்ளிக்கிழமை அந்தப் பங்களா எல்லைக்குள் மாட்டுக்கறி சாப்பிட அனுமதி பெற்ற ஒரே பணியாள் வீட்டு ஆள் என் பெண்டாட்டிதான்.

குவான் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒன் பொண்டாட்டி ஒன் துண்டத்தான் நல்லதும்பா." நியாயம்தானே? எனவே இப்படி முடிவு செய்தோம். ஆளுக்கு அவனவன் துண்டிலிருந்து கொஞ்சம் வெட்டி, ஒரே கனத்தில், உப்பு மட்டும் போட்டு, ஒரே சட்டியில் ஒரே அளவு நேரம் வதக்குவது. என்னுடையது நீலக்கரைத் தட்டில், அவனுடையது பச்சைக்கரைத் தட்டில். எது யாருடையது என்று லூர்தம்மாவிடம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. தட்டுகளை முனுசாமி அண்ணன்தான் எடுத்துப்போக வேண்டும். பாவம், அவர் இரண்டு தட்டையும் ஒரு பலகையில் வைத்து, கையை எட்ட நீட்டி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, வாழைமரத்தில் இடிக்காமல் போய்ச் சேர்ந்தது பெரிய காரியம். குவான் கிணற்றடியில் போய்ச் சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். நான் குசினியில் வெங்காயத்தை வெட்டுவது போல விரலை வெட்டிக்கொண்டிருந்தேன்.

முனுசாமி அண்ணன் திரும்பி வந்தார். பலகையை என் முன்னால் வைத்தார். பச்சைக்கரைத் தட்டு துடைத்த மாதிரி காலி. நீலக்கரைத் தட்டில் என் துண்டுகள் கிடந்தன. ஒன்றில் மட்டும் கடித்த அடையாளம்.

"என்ன சொன்னுச்சு?" என்றேன்.

"ஒன்னும் சொல்லல. பச்சத் தட்டுல இன்னும் இருக்கான்னு கேட்டுச்சு."

அந்த வீடு, அந்தச் சிமெண்டுத் தரை, வரப்போகிற பிள்ளை, எல்லாம் கண் முன்னால் வந்தன. முனுசாமி அண்ணன் கிணற்றடியைப் பார்த்தார். குவானின் முதுகு அப்படியே இருந்தது.

"ஞானம்," என்றார் மெதுவாக. "அவன் திரும்பிப் பாக்கல. தட்டு ரெண்டும் தட்டுதான். துண்ட மாத்தி வச்சிட்டா யாருக்கு என்னா தெரியப்போவுது?"

அவர் கெட்டவர் இல்லை. என் பிள்ளைக்காகச் சொன்னார். நானும் பெரிய மகான் இல்லை, துண்டை எடுக்கக் கை நீட்டினேன் என்பதுதான் உண்மை. ஆனால் நீட்டிய கையோடு ஒன்று யோசித்தேன். குவானை ஏமாற்றலாம். முனுசாமி அண்ணன் வாயைத் திறக்க மாட்டார். சாயந்திரம் பெரிய துரை வாயில் அந்தக் கறி போகுமே, அவர் பல்லை என்ன செய்வேன்? யார் தேர்ந்தெடுத்த கறி என்று பல்லுக்குத் தெரியாது. மெல்ல முடிகிறதா இல்லையா, அது ஒன்றுதான் அதற்குத் தெரியும். தம்பிகளே, கறி தேர்ந்தெடுக்கிற நேரத்தில் கறியைத் தேர்ந்தெடுங்கள், உங்களைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இவ்வளவுதான் நான் இந்தத் தொழிலில் கற்றது.

"குவான்," என்று கூப்பிட்டேன். "ஒன் துண்ட அடுப்புல வைக்கிறேன். வா, நெருப்பப் பாரு."

அவன் வந்து இரண்டு தட்டையும் பார்த்தான். என்னையும் பார்த்தான். சட்டைக் கையை மடித்தான்.

சாயந்திரம் பெரிய துரை முதல் துண்டை வாயில் வைத்ததும் பேச்சை நிறுத்தினார். கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்தப் பழைய சிவப்புத் துண்டு நினைவுக்கு வந்தது. ஆனால் அவர் கண்ணை மூடித் திறந்துவிட்டு, தட்டை மறுபடி நீட்டினார். நம் துரை அப்போதுதான் மூச்சு விட்டார்.

காப்பி போனதும் துரைசாணி எங்களைக் கூப்பிட்டாள். "யாருடைய துண்டு?"

"குவான் எடுத்தது, மேம்," என்றேன். சொல்லிவிட்டு என் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் குவான் பக்கம் திரும்பினாள். "அப்போது நீயே இருந்துவிடு."

குவான் மாட்டேன் என்று தலையை அசைத்தான். "கறி நான் எடுத்தேன், மேம். அவன் துண்டும் இருந்துச்சு. அத வச்சிருக்கலாம், வைக்கல. எனக்குக் கிளப்பே போதும். இந்தக் குசினிக்கு ஆள் இருக்கு, ருசி பாக்கவும் ஆள் இருக்கு. அந்தப் பொம்பள இருக்கிறவரைக்கும் இவன் கெட்ட கறி வாங்க முடியாது." அதோடு விட்டானா? "அந்த வீட்டுச் சுவரும் சாமிக்குத் தோதா இல்ல," என்றான்.

எந்தப் பொம்பளை என்று துரைசாணி கேட்டாள். நாங்கள் சொன்னதும் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. சிரித்துக்கொண்டே உள்ளே போய்த் துரையிடம் சொல்ல, அவர் சிரிப்பும் கேட்டது. சிரித்து முடித்துவிட்டு, மற்றத் துண்டை என் வீட்டுக்கே எடுத்துப் போகச் சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை குவான் பெட்டியோடும் சாமி படத்தோடும் ஈப்போவுக்குக் கிளம்பினான். அதற்குப் பிறகு கடையில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு துண்டைத் திருப்பி எலும்பை எனக்குக் காட்டுவான். இளம் மாடென்றால் எலும்பு சிவந்திருக்கும், சதையின் நூல் மெலிசாக இருக்கும், கொழுப்பு வெளியே இருப்பதைவிட உள்ளே இழையோடியிருக்கும். நிறம் கடைசி. இதை நீங்கள் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன்.

என் துண்டு என்ன ஆனது என்று சொல்லவில்லையே. அதை குவான் கிளம்பிய அன்று மத்தியானம் லூர்தம்மா குழம்பு வைத்தாள். சனிக்கிழமை, எனக்கும் தடையில்லை. அவள் காலையிலேயே அடுப்பில் ஏற்றியும், மென்றேன், மென்றேன், மென்றுகொண்டே இருந்தேன். அவள் எதிரே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு என் தாடை ஆடுவதை வேடிக்கை பார்த்தாள்.

"நல்லவேள, எது யாரோடதுன்னு தெரியாம சொன்ன," என்றேன். "தெரிஞ்சிருந்தா என்னோடதுன்னு சொல்லியிருப்ப, நம்ம கத கந்தலாகியிருக்கும்."

"தெரியாமயா?" என்றாள். "நீங்க கறி வெட்டுனா சதுரம் சதுரமாத்தான் வெட்டுவீங்க. குவான் கத்திய எடுத்தாலே எல்லாம் சாய்வு. தட்டு வந்ததுமே தெரிஞ்சிருச்சு."

நான் மெல்லுவதை நிறுத்தினேன். நானும் குவானும் கனம் பார்த்தோம், உப்புப் பார்த்தோம், நேரம் பார்த்தோம், தட்டின் கரையைக்கூடப் பார்த்தோம். இதைப் பார்க்கவில்லை.

"தெரிஞ்சுமா அவன் தட்ட காலி பண்ணின? நம்ம வீடு போயிருக்குமே."

லூர்தம்மா குனிய முடியாமல் குனிந்து, தரையில் சிந்தியிருந்த குழம்பைத் துணியால் துடைத்தாள். சிமெண்டு பளபளவென்று ஆனதும்தான் நிமிர்ந்தாள்.

"இந்தக் கறி மேசைக்குப் போயிருந்தா மட்டும் வீடு இருந்திருக்குமா?" என்றாள்.